பெந்தோங் கொசுவும் உலகம் படிக்காமல் விட்ட ஏடுகளும்

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு காய்ச்சலின் வரலாறு. மருத்துவ ஆலோசனை சொல்ல நான் வரவில்லை. நான் மருத்துவன் அல்லன். ஒரு நோயைப் பற்றி ஆய்வாளர்கள் எந்த ஆண்டில் எவ்வளவு எழுதினார்கள், எந்த ஆண்டுகளில் எழுதாமல் இருந்தார்கள், அதற்குக் காரணம் என்ன என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கேட்பதற்கு இது ஏதோ நூலகக் கணக்குப் போலத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்குக்குள் பச்சைப் பிள்ளைகளின் வாழ்க்கை இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன.

அந்தக் காய்ச்சலின் பெயர் ஸிக்கா. 2016ஆம் ஆண்டு இந்தப் பெயரைக் கேட்டு நாம் எல்லாரும் கலங்கினோம். இன்று அதை ஏறக்குறைய மறந்துவிட்டோம். நாம் மட்டுமா மறந்தோம்? ஆய்வுலகமும் மறந்தது. அதுவும் ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

சிங்கப்பூரில் நடந்த ஒரு கதை

ஆய்வுக் கட்டுரைகளை ஆண்டுவாரியாக எண்ணிப் பார்ப்பது இன்று தனி ஒரு துறையாக வளர்ந்திருக்கிறது. அந்தத் துறையின் தொடக்கக் கதைகளில் ஒன்று சிங்கப்பூரில் நடந்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. டெரெக் பிரைஸ் என்ற இளம் ஆங்கிலேயர் புக்கிட் தீமாவில் இருந்த ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணிதம் கற்பிக்க வந்து சேர்ந்தார். 1949இல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாக மாறிய அதே கல்லூரிதான். லண்டன் அரச அறிவியல் கழகம் 1665ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்டுவரும் ஆய்வேட்டின் பழைய தொகுதிகள் அந்தக் கல்லூரிக்கு வந்தன. நூலகக் கட்டடம் இன்னும் முடியவில்லை. தொகுதிகள் பாழாகிவிடக் கூடாதே என்று பிரைஸ் அவற்றைத் தம் இருப்பிடத்துக்கே கொண்டுபோனார். கட்டிலருகே இருந்த அலமாரியில் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து அடுக்கி வைத்தார்.

ஒரு நாள் அந்த அடுக்குகளை நிமிர்ந்து பார்த்தவருக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. முதல் பத்தாண்டுக்கான அடுக்கு சிறியது. அடுத்தது கொஞ்சம் பெரியது. அதற்கடுத்தது இன்னும் பெரியது. வட்டிக்கு வட்டி சேர்ந்து பணம் பெருகுவதைப் போல அறிவியலும் பெருகியிருந்தது. அந்த வளைகோடு யாரும் வரையாமலே அவருடைய சுவரில் ஏறி நின்றது. ஏறக்குறைய 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒரு முறை அறிவியல் எழுத்து இரட்டிப்பாகிறது என்று பிற்காலத்தில் அவர் எடுத்துக் காட்டினார். அதைப் பற்றி 1963இல் அவர் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது.

இப்பொழுது நாமும் பிரைஸ் செய்ததைச் செய்து பார்ப்போம். ஸிக்காவைப் பற்றி வந்த ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரைக்கும் ஒரு காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அடுக்கு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் கணினித் தொகுப்பில் நோயின் பெயரைத் தட்டினால் போதும், ஆண்டுவாரிக் கணக்கு வந்துவிடும். அந்த அடுக்குகளின் உருவம் எப்படி இருக்கும்?

பிரைஸ் பார்த்த அழகான வளைகோடு அங்கே இல்லை. முதலில் தரையோடு தரையாக ஒரு நீண்ட கோடு. 1950களிலிருந்து அரை நூற்றாண்டுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு காசு. சில ஆண்டுகளுக்கு அதுவும் இல்லை. 2007க்குப் பிறகு ஒரு சின்ன மேடு. 2016இல் திடீரென்று ஒரு சுவர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள்! அதற்கு முந்தைய எல்லா ஆண்டுகளையும் கூட்டினாலும் சில நூறுதான் தேறும். பிறகு மெல்ல மெல்ல ஒரு சரிவு.

தரை, சுவர், சரிவு. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குரங்கு எண் 766

பிரைஸ் சிங்கப்பூரில் ஏடுகளை அடுக்குவதற்குச் சற்று முன்பு, ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் ஒரு குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. விக்டோரியா ஏரிக்கரையில் எண்டெபி என்ற ஊர். அதன் அருகே இருக்கும் ஒரு சிறு காட்டின் பெயர் ஸிக்கா. எண்டெபியில் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் 1936இல் தொடங்கிய மஞ்சள் காய்ச்சல் ஆய்வுக் கூடம் இயங்கி வந்தது. ஆய்வாளர்கள் அந்தக் காட்டின் மர உச்சியில் மேடை கட்டி, கூண்டுகளில் ரீசஸ் குரங்குகளை வைத்திருந்தார்கள். காட்டில் சுற்றும் கிருமி எதுவானாலும் கொசுவின் வழியாக முதலில் குரங்கைத் தொடும். நாம் அதைப் பிடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் 766 என்ற எண் கொண்ட குரங்குக்கு உடல் சூடு ஏறியது. அதன் இரத்த நீரை எலிகளின் மூளையில் செலுத்தினார்கள். எலிகள் நோயுற்றன. தேடியது மஞ்சள் காய்ச்சலை. கிடைத்ததோ அதுவரை யாரும் அறியாத ஒரு புதிய கிருமி. மறு ஆண்டு ஜனவரியில் அதே காட்டுக் கொசுக்களிலும் அதைக் கண்டார்கள். காட்டின் பெயரையே கிருமிக்கும் வைத்தார்கள்.

ஜார்ஜ் டிக், ஸ்டுவர்ட் கிச்சன், அலெக்சாண்டர் ஹாடோ ஆகிய மூவரும் 1952இல் இதை வெளியிட்டார்கள். நம் அடுக்கில் விழுந்த முதல் காசு அது. அதோடு சேர்த்து டிக் தனியாக எழுதிய இன்னொரு கட்டுரையும் வந்தது. அதில் அவர் சொன்ன இரண்டு செய்திகளை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்தக் கிருமி எலியின் மூளையை, நரம்பை நாடிச் செல்கிறது. இரண்டு, மனிதருக்கு இதனால் நோய் வந்ததாக இதுவரை யாரும் காணவில்லை என்பதால், அப்படி ஒரு நோய் அரிது என்றோ அற்பமானது என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது.

எவ்வளவு நிதானமான எச்சரிக்கை! அதைச் சொன்ன ஆண்டு 1952.

மலாயாவின் இரத்தம், பெந்தோங்கின் கொசு

இனி கதை நம் பக்கம் திரும்புகிறது. 1954இல் கென்னத் ஸ்மித்பர்ன் என்ற ஆய்வாளர் மலாயாவிலும் போர்னியோவிலும் நெடுங்காலம் வாழ்ந்தவர்களின் இரத்த நீரைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஸிக்காவை எதிர்க்கும் சக்தி அந்த இரத்தத்தில் இருந்தது. ஆப்பிரிக்கக் காட்டுக் கிருமிக்கு மலாயா மக்களின் உடலில் எதிர்ப்புச் சக்தி எப்படி வந்தது? ஸிக்காவும் டெங்கியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்காக உடலில் உருவான எதிர்ப்பு, மற்றொன்றுக்கும் விடை சொல்லிவிடும். ஆகவே அந்த முடிவை மட்டும் வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. கேள்வி அப்படியே நின்றது.

பதில் பெந்தோங்கில் கிடைத்தது. பெந்தோங் என்றால் நமக்கு இஞ்சி நினைவுக்கு வரும், டுரியான் நினைவுக்கு வரும். 1960களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து இங்கே வேலை செய்தது. டெங்கி காட்டிலிருந்து ஊருக்கு எப்படி வருகிறது என்பதைத் தேடி ஆல்பர்ட் ரட்னிக் போன்றவர்கள் நம் காடுகளிலும் ஊர்களிலும் கொசு பிடித்தார்கள். 1966இல் பெந்தோங்கில் பிடித்த கொசுக்களில் ஸிக்கா கிருமி உயிரோடு இருந்தது.

இதன் முக்கியத்துவம் என்ன? ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஸிக்கா கிருமி கையில் கிடைத்தது அதுவே முதல் முறை. அதைவிட முக்கியம், அது கிடைத்த கொசு. உகாண்டாவில் கிடைத்தது காட்டுக் கொசு. மர உச்சியில் குரங்கைக் கடிப்பது. பெந்தோங்கில் கிடைத்ததோ ஏடிஸ் எஜிப்தி. நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில், தண்ணீர்த் தொட்டியில், பழைய டயரில் முட்டையிடும் அதே டெங்கிக் கொசு. காட்டுக் கிருமி ஊருக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

மார்ச்செட், கார்சியா, ரட்னிக் ஆகிய மூவரும் 1969இல் இதை ஓர் அமெரிக்க வெப்பமண்டல மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். ஐந்தே பக்கம். அடுக்கில் இன்னொரு காசு விழுந்தது. அதன் ஓசை யார் காதிலும் விழவில்லை.

ஏன் யாரும் தொடரவில்லை?

இங்கே நாம் நியாயமாகப் பேச வேண்டும். வெள்ளைக்காரன் நம்மைப் புறக்கணித்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

முதல் காரணம், நோய் மென்மையாக இருந்தது. டேவிட் சிம்ப்சன் என்ற ஆய்வாளர் எண்டெபியில் வேலை செய்தபோது அவருக்கே ஸிக்கா தொற்றியது. தமக்கு வந்த நோயைத் தாமே கவனித்து 1964இல் எழுதினார். லேசான தலைவலி, உடம்பெங்கும் தடிப்பு, கொஞ்சம் காய்ச்சல், சில நாளில் சரி. அதைப் படிக்கும் மருத்துவர் எவரும் அஞ்ச மாட்டார்.

இரண்டாவது, அது மற்றக் காய்ச்சல்களுக்குள் ஒளிந்துகொண்டது. இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் கிளாத்தேன் என்ற ஊரில் 1977, 1978ஆம் ஆண்டுகளில் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தவர்களைச் சோதித்தார்கள். அவர்களில் 7 பேருக்கு ஸிக்கா தொற்றியதற்கான அடையாளம் தெரிந்தது. சோதித்ததால் தெரிந்தது. சோதிக்காத ஊர்களில்?

நம் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போகிறோம். இரத்தம் எடுத்து டெங்கி இல்லை என்கிறார்கள். "வெறும் வைரல் ஃபீவர்தான்" என்று பெனடால் கொடுத்து அனுப்புகிறார்கள். நாமும் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். மருத்துவரைக் குறை சொல்லவில்லை. நோயாளிக்கு அது போதும். ஆனால் அந்த "வெறும் வைரல் ஃபீவர்" என்ற சொல்லுக்குள் எத்தனை கிருமிகள் பெயரில்லாமல் போயிருக்கும்?

மூன்றாவது காரணம்தான் கசப்பானது. ஆய்வுக்குப் பணம் வேண்டும். பணம் இருக்கும் நாடுகளில் இந்தக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இருந்த நாடுகளில் ஆய்வுக்குப் பணம் இல்லை. ஆக 1947 தொடங்கி 2007 வரை, அறுபது ஆண்டுகளில், உலகம் முழுவதும் ஏட்டில் பதிவான மனித நோயாளிகள் 14 பேர். பதினான்கே பேர்! அத்தனை பேருக்குத்தான் நோய் வந்தது என்று நம்ப முடியுமா? அத்தனை பேரைத்தான் எண்ணினார்கள்.

தீவுகள் கொடுத்த முன்னறிவிப்பு

2007இல் பசிபிக் பெருங்கடலின் யாப் தீவில் ஸிக்கா வெடித்தது. சில ஆயிரம் மக்களே வாழும் சிறு தீவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் குழு அங்கே போய் வீடு வீடாக ஆராய்ந்தது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 73 பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒருவரும் இறக்கவில்லை. ஒருவரும் மருத்துவமனையில் படுக்கவில்லை. 2009இல் அறிக்கை வந்தது. அடுக்கில் அந்தச் சின்ன மேடு எழுந்தது. ஆபத்தில்லாத காய்ச்சல் என்ற எண்ணம் மேலும் உறுதியானது.

2013இல் பிரெஞ்சுப் பொலினீசியத் தீவுகளில் மீண்டும் வெடித்தது. இம்முறை பல்லாயிரம் பேர். காய்ச்சல் தணிந்த பின் சிலருக்குக் கைகால் விழுந்தது. குய்லான் பாரே என்ற நரம்புத் தாக்கம். 42 பேர். நரம்பை நாடும் கிருமி என்று டிக் 1952இல் எழுதியதை நினைத்துப் பாருங்கள். அந்தத் தீவுகளிலிருந்து ஒன்றிரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. தூரத்துத் தீவுகளின் செய்தி தலைநகரங்களை எட்டவில்லை.

இன்னும் ஒரு செய்தி அந்தத் தீவுகளின் மருத்துவமனைப் பதிவேடுகளில் உறங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சுவர் எழுந்த ஆண்டு

2015 மே மாதம் பிரேசில் நாடு ஸிக்கா பரவுவதை உறுதிப்படுத்தியது. அந்நாட்டின் வடகிழக்குப் பகுதி வறுமை மிகுந்தது. குழாய்த் தண்ணீர் நிச்சயமில்லாததால் தொட்டியிலும் வாளியிலும் நீர் பிடித்து வைக்கும் வீடுகள். ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஆண்டின் பிற்பகுதியில் ரெசிஃபே நகரத்து மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் தலை மிகச் சிறியதாக இருந்தது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பார்க்கும் மருத்துவர்கள் ஒரே வாரத்தில் பல குழந்தைகளைப் பார்த்தார்கள். குழந்தைகளின் மூளை வளரவில்லை. கர்ப்பக் காலத்தில் உனக்கு என்ன நடந்தது என்று தாய்மாரைக் கேட்டார்கள். லேசான காய்ச்சல், உடம்பில் தடிப்பு, சில நாளில் சரியாகிவிட்டது என்று பல தாய்மார் சொன்னார்கள். சிம்ப்சன் 1964இல் எழுதிய அதே அடையாளங்கள்.

ரெசிஃபேயின் நரம்பியல் மருத்துவர் வனெஸ்ஸா வான் டெர் லிண்டன், கம்பினா கிராண்டே நகரின் கருநல மருத்துவர் அட்ரியானா மெலோ, நோய்ப் பரவியல் அறிஞர் செலினா டுர்ச்சி ஆகிய மூன்று பெண்களை இங்கே குறிப்பிட வேண்டும். முதலாமவர் இது புதிது என்று மணியடித்தார். இரண்டாமவர் கர்ப்பிணிகளின் பனிக்குட நீரைச் சோதனைக்கு அனுப்பினார். அதில் ஸிக்கா இருந்தது. மூன்றாமவர் ஆய்வாளர்களைத் திரட்டி, பாதிக்கப்பட்ட குழந்தைகளையும் நலமான குழந்தைகளையும் ஒப்பிட்டு ஆதாரம் சேர்த்தார். பெரிய நாடுகளின் பெரிய ஆய்வுக்கூடங்கள் அசைவதற்கு முன்னால் இந்த வேலை நடந்தது.

2016 பிப்ரவரி முதல் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அனைத்துலக அவசரநிலையை அறிவித்தது. ஆகஸ்டில் ரியோ நகரில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. பணக்கார நாடுகளின் விளையாட்டு வீரர்களும் சுற்றுப்பயணிகளும் அங்கே போகவேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் நோய் தலைகாட்டியது. அதிபர் ஒபாமா 180 கோடி டாலர் கேட்டார். நீண்ட இழுபறிக்குப் பின் செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் 110 கோடி டாலர் கொடுத்தது.

பணமும் பயமும் சேர்ந்தன. சுவர் எழுந்தது. எழுதிக் குவித்த நாடுகளில் முதல் இடம் அமெரிக்காவுக்கு, அடுத்த இடம் பிரேசிலுக்கு.

நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த ஓராண்டில் நடந்த வேலை மலைக்க வைப்பது. மார்ச் மாதத்துக்குள் கிருமியின் உருவத்தை அணு அணுவாகக் காட்டினார்கள். ஏப்ரலில் குழந்தைகளின் பாதிப்புக்கு ஸிக்காவே காரணம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முடிவு சொன்னது. முன்னணி ஆய்வேடுகள், ஸிக்கா கட்டுரைகளை யாரும் கட்டணமில்லாமல் படிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டன.

ஆனால் காசை எண்ணும்போது எடையையும் பார்க்க வேண்டும். அந்தச் சுவரில் இருந்தவற்றில் கணிசமானவை புதிய ஆய்வுகள் அல்ல. தலையங்கம், கருத்துரை, இருப்பதைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை. அவற்றில் எல்லாம் முதல் வரி ஒன்றுதான்: 1947, உகாண்டா, குரங்கு. அரை நூற்றாண்டாகச் சீண்டுவாரற்றுக் கிடந்த 1952ஆம் ஆண்டுக் கட்டுரையை எல்லாரும் ஓடி ஓடி மேற்கோள் காட்டினார்கள்.

இப்படி நெடுநாள் கிடந்து திடீரென்று கண்டெடுக்கப்படும் கட்டுரைகளுக்கு, நெதர்லாந்து அறிஞர் வான் ரான் 2004இல் 'உறங்கும் அழகிகள்' என்று பெயர் சூட்டினார். நம்மைக் கேட்டிருந்தால் கும்பகர்ணன் என்று சொல்லியிருப்போம். ஆனால் இங்கே கும்பகர்ணன் கட்டுரை அல்ல. கட்டுரை விழித்துக்கொண்டுதான் இருந்தது. தூங்கியது படிக்க வேண்டியவர்கள்.

இனி, தீவுகளின் பதிவேட்டுக்கு வருகிறேன். பிரேசிலின் செய்தி வந்த பிறகு, பிரெஞ்சுப் பொலினீசியாவின் பழைய மருத்துவப் பதிவுகளை எடுத்துப் புரட்டினார்கள். ஸிக்கா பரவிய காலத்தையொட்டித் தலை சிறுத்துப் பிறந்த 8 குழந்தைகளின் குறிப்பு அங்கே இருந்தது. அவற்றில் 7 குழந்தைகள் 2014இன் நான்கு மாத இடைவெளிக்குள் வந்தவை. பிரேசிலுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே விடை அந்தக் கோப்புகளில் இருந்தது. கேள்வி கேட்பார் இல்லை. 2016 மார்ச்சில் இது கட்டுரையாக வந்தபோது, ரெசிஃபேயின் தாய்மார் ஏற்கனவே பிள்ளைகளை மடியில் ஏந்தியிருந்தார்கள்.

பெந்தோங் மீண்டும் வந்தது

2016 ஆகஸ்ட் 27ஆம் நாள் சிங்கப்பூரில் உள்ளூரில் பரவிய முதல் ஸிக்கா சம்பவம் அறிவிக்கப்பட்டது. அல்ஜுனிட் கிரசெண்ட், சிம்ஸ் டிரைவ் வட்டாரம். மறுநாளே எண்ணிக்கை 41. அவர்களில் 36 பேர் கட்டுமானத் தளத்தில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆண்டு முடிவதற்குள் 400க்கும் மேற்பட்டோர். சில நாளில் கிள்ளானிலும் ஸிக்கா வந்தது. மலேசியாவில் மொத்தம் விரல்விட்டு எண்ணக்கூடிய சம்பவங்களோடு நின்றது.

பிரேசிலிலிருந்து விமானத்தில் வந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தோம். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கிருமியின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்கள். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்ததல்ல. தென்கிழக்காசியாவில் முன்பே சுற்றிக்கொண்டிருந்த வகையிலிருந்து வந்தது.

இதை எதோடு ஒப்பிட்டு அறிந்தார்கள்? ஸிக்காவில் ஆப்பிரிக்க வகை, ஆசிய வகை என்று இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. யாப் தீவில் பரவியதும், பொலினீசியாவில் பரவியதும், பிரேசிலைக் கலக்கியதும் ஆசிய வகை. அந்த ஆசிய வகையில் உலகத்தின் கையிலிருக்கும் மிகப் பழைய மாதிரி எது தெரியுமா? 1966இல் பெந்தோங்கில் பிடித்த கொசுவில் இருந்த அதே கிருமி. அரை நூற்றாண்டு யாரோ அதைக் குளிர்பதனப் பெட்டியில் கெடாமல் காத்தார்கள். 2012இல் அதன் மரபணுவை வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். 2016இல் உலகம் வம்சாவளி தேடி ஓடியபோது, ஆசியக் கிளையின் அடிமரமாக அதுதான் கிடைத்தது. அந்த ஐந்து பக்கக் கட்டுரையும் அந்தக் குப்பியும் இல்லையென்றால் வம்சாவளியின் தொடக்கமே மங்கியிருக்கும்.

சரிவு

2016 நவம்பர் 18ஆம் நாள் அவசரநிலை விலக்கப்பட்டது. நோய் தணிந்தது, மக்கள் பலருக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதும் ஒரு காரணம். தொடங்கிய ஆய்வுகள் முடிந்து கட்டுரையாக வர ஓராண்டு ஈராண்டு ஆகும் அல்லவா? அதனால் 2017இலும் அடுக்கு உயரமாகவே இருந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. பெரிய மருந்து நிறுவனம் ஒன்று 2017இலேயே தடுப்பூசி வேலையைக் கைவிட்டது. நோயாளிகள் இல்லாத நேரத்தில் தடுப்பூசியைச் சோதிப்பதும் கடினம். அங்கீகாரம் பெற்ற ஸிக்கா தடுப்பூசி இதுவரை இல்லை. 2020இல் கொரோனா வந்ததும் எல்லாக் கண்களும் அந்தப் பக்கம் திரும்பின.

ஆனால் 2015இல் பிறந்த அந்தப் பிள்ளைகள் எங்கும் போய்விடவில்லை. இன்று பத்து வயதைக் கடந்து நிற்கிறார்கள். நடக்க முடியாதவர்கள், பேச முடியாதவர்கள், வலிப்பு வருபவர்கள், விழுங்கத் தெரியாமல் குழாய் வழி உண்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். இவர்கள் வளர வளர என்ன ஆகும், எப்படிப் பராமரிப்பது என்பதுதான் இன்று தாய்மாரின் கேள்வி. அதற்கு விடை தேடும் கட்டுரைகள் சரிவில் வருகின்றன, சுவரில் வரவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் நடக்கும் வேலை அது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

கட்டுரைகளின் எண்ணிக்கை எதை அளக்கிறது? நோயாளிகளின் எண்ணிக்கையை அளப்பதாக நாம் நினைக்கிறோம். ஸிக்காவின் அடுக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. பணம் வைத்திருப்பவனுக்கு எப்போது பயம் வந்தது என்பதை அது அளக்கிறது.

அதற்காகக் கட்டுரை குவிந்தால் நோய் ஒழியும் என்றும் சொல்லவில்லை. டெங்கியைப் பாருங்கள். பினாங்கில் டெங்கி பற்றிய குறிப்பு 1902இலேயே ஆங்கில மருத்துவ ஏட்டில் வந்தது. அதன் அடுக்கு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இருந்தும் 2019இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டெங்கி. 182 பேர் இறந்தார்கள். 2023இல் 123,133 பேர், 100 மரணம். காகிதம் கொசுவைக் கொல்லாது. நம் வீட்டுத் தொட்டியை நாம்தான் கவிழ்க்க வேண்டும்.

ஆனால் அமைதிக் காலத்து ஆய்வு வீண் போவதில்லை என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. 1924இல் அமெரிக்காவில் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் கொசுவின் உடலுக்குள் ஒரு நுண்ணுயிரைக் கண்டு எழுதி வைத்தார்கள். அதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்று யாருக்கும் தெரியாது. அந்த வோல்பாக்கியாவைச் சுமந்த கொசுக்களைத்தான் சிங்கப்பூர் 2016 முதல் குடியிருப்புப் பகுதிகளில் விட்டு ஏடிஸ் கொசுவைக் குறைக்கிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சிலாங்கூரில் அதே வழியில் முயன்றது. ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முந்தைய காசு இன்று செல்லுபடியாகிறது.

நம் பிள்ளைகள் இன்று உயிரியலும் மருத்துவ அறிவியலும் படிக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கணக்குக் கேட்கிறார்கள். அந்த நெருக்கடியில், எல்லாரும் எழுதுவதையே எழுதினால் சீக்கிரம் அச்சேறும் என்ற ஆசை வருவது இயல்பு. பெற்றோர்களும், "இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்பதுண்டு. ஒரு கிராமத்துக் காய்ச்சலையோ, ஒரு தோட்டத்துக் கொசுவையோ ஆராயப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் சிரித்துவிடாதீர்கள். வருமுன் காப்பதைப் பற்றி வள்ளுவர் சொன்னதை மேடைதோறும் சொல்கிறோம். வருவது எது என்று முன்கூட்டியே எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

அதே போல, பழைய பதிவேடு, பழைய இரத்த மாதிரி, பழைய குப்பி என்று ஆய்வுக்கூடங்களில் இருப்பவற்றை இடம் போதவில்லை என்று வீசி எறியாமல் காப்பதும் ஆராய்ச்சிதான். பொலினீசியாவின் 8 குழந்தைகளின் குறிப்பும் பெந்தோங்கின் ஒரு குப்பியும் அதற்குச் சாட்சி.

அடுத்த முறை கோலாலம்பூரிலிருந்து குவாந்தான் சாலையில் போகும்போது, இஞ்சி வாங்கப் பெந்தோங்கில் வண்டியை நிறுத்துவீர்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் கொசு பிடித்துக் குப்பியில் அடைத்தவர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காத நேரத்தில் அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.